செவலை சாப்பிட்டானா?

முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். 2022 கார்த்திகை. எங்கள் பூனை செவலையின் மண் தட்டைச் சுற்றி எறும்புகள் சாரை போட்டிருந்தன. மழைக்காலத்தில் எறும்பு வீட்டுக்குள் வருவது வழக்கம்தானே என்று மஞ்சள்தூள் தூவிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். "அவன் சோத்துத் தட்டுகிட்ட ஒரு எறும்பு இல்ல பாரு. மூத்திரத்துக்குத்தான் வருது. இவனுக்கு சுகர்டி."

அம்மாவுக்கு அப்போது சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருடம். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

*

தெரிந்திருக்க வேண்டும். குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். தட்டை வழித்துச் சாப்பிட்டும் முதுகெலும்பு கையில் தட்டியது. பின்னங்கால்களின் குதி தரையில் பதிய நடந்தான். பூனை விரல்களில் நடக்கும் பிராணி. சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது குதி இப்படி இறங்கிவிடும். வயதாகிவிட்டது, பதினொன்று ஆகிறது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

*

மருத்துவமனை மேசையில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 438. டாக்டர் அதை வைத்து மட்டும் முடிவு சொல்லவில்லை. "பூனைக்கு பயத்துலயே முந்நூறு தாண்டும்மா. மூத்திரத்தையும் பார்க்கணும், ஃப்ரக்டோசமைனும் பார்க்கணும்." ஃப்ரக்டோசமைன் என்பது போன ஒன்றிரண்டு வாரங்களின் கணக்கு. இன்றைய பயம் அதில் ஏறாது. அதுவும் கூடுதலாகவே வந்தது.

ஆண், கருத்தடை செய்தவன், வீட்டை விட்டு வெளியே போகாதவன், ஒரு காலத்தில் ஆறே முக்கால் கிலோ. தோல் அரிப்புக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறோம். பூனைக்குச் சர்க்கரை வருவதற்கு என்னென்ன வழி உண்டோ அவற்றில் பலவும் அவனிடம் இருந்தன.

*

நம் வீடுகளில் பூனையை வளர்த்தது பால்சோறும் மீன்தலைச் சோறும். அன்றைய பூனை அதைத் தின்றுவிட்டு எலி, ஓணான், குருவி என்று வெளியே தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் ஏற்பாடு அதன் ஈரலில் மிகக் குறைவு. செவலைக்கு வெளியே போகவும் வழியில்லை. கிண்ணத்தில் எந்நேரமும் உலர் தீனி. இப்போது வேகவைத்த கோழி, ஈரல், மாவு சேராத ஈரத் தீனி. உப்பு கிடையாது. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது; அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீனையும் கொடுப்பதில்லை.

மாவைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும். இன்சுலின் ஊசி அளவை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் மாற்றினால் ஆபத்து. மாற்றத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம்.

*

எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி.

நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைப்பது சிவப்பு மூடி சிரிஞ்சு. அது மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. அம்மாவினுடையது அதுதான். செவலைக்கு எழுதிக்கொடுத்தது கிளார்ஜின். அது மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒன்று என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட்டில் தொடங்கும் நாலு கிலோ உயிருக்கு இரண்டரை என்ன செய்யும்! கடைத் தம்பி, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றான். ஒன்றில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அம்மாவின் டப்பாவுக்குச் சிவப்பு நூலும் அவன் டப்பாவுக்கு ஆரஞ்சு நூலும் கட்டியிருக்கிறேன்.

*

காதில் ரத்தம் எடுப்பது. வெந்நீரில் பிழிந்த துணியைக் காது மடலில் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். டார்ச்சை மடலுக்குப் பின்னால் பிடித்தால் ரோஜா நிறத் தோலில் ஓரமாக ஒரு சிவப்பு இழை ஓடுவது தெரியும். அந்த இழைக்கும் விளிம்புக்கும் நடுவே குத்த வேண்டும். எள்ளளவு ரத்தம் போதும். பிறகு பஞ்சால் அழுத்தி, பத்து எண்ணும்வரை விடக்கூடாது. முதல் வாரம் என் கைதான் நடுங்கியது, அவன் அசையவில்லை. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும். அது தெரிந்து படித்தால் போதும்.

*

பூனைக்கு இனிப்புத் தெரியாது. இனிப்பை உணரும் வாங்கியைச் செய்யும் மரபணு ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். பாயசமும் வெறும் பாலும் அதன் நாக்குக்கு ஒன்றுதான். இனிப்பு இன்னதென்றே அறியாத உயிரின் ரத்தத்திலும் மூத்திரத்திலும் சர்க்கரை வழிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் அவன் தலையைத் தடவிக்கொடுக்கத் தோன்றுகிறது.

*

2023 மாசியில் ஒரு ராத்திரி. ஏழு மணிக்குச் சாப்பிட்டான், ஊசி போட்டேன். அரை மணியில் அத்தனையும் வாந்தி எடுத்துவிட்டான். துடைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். உள்ளே போன ஊசிக்கு ஈடாக வயிற்றில் ஒன்றுமில்லை என்பது உறைக்கவில்லை. பதினொரு மணிக்கு அம்மா எழுப்பினாள். "அவனுக்கு லோ ஆயிடுச்சுடி, எழுந்திரு." ஹாலில் குடித்தவன்போலத் தள்ளாடினான். சுவரைப் பார்த்து நின்றான். மீட்டரில் சர்க்கரை 41.

அம்மா தேன் பாட்டிலோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரலில் தொட்டு மேலுதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தாள். ஊற்றவில்லை, நினைவு தப்பும் நேரத்தில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். "இப்படித்தான் கண்ணு இருட்டும், கால் எங்க இருக்குன்னு தெரியாது" என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். கால் மணியில் 78. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

அன்றைக்கு விதி எழுதினேன்: சாப்பாடு முதலில், ஊசி பிறகு. சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா என்று பார்க்காமல் விளக்கணைக்கக் கூடாது.

*

இன்சுலினுக்காக நாய்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1889இல் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் கணையம் எடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் வருவதைக் கண்டார்கள். 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே மருந்தைத் தேடினார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. பிறகு பல பத்தாண்டுகள் மாட்டுக் கணையத்திலும் பன்றிக் கணையத்திலும் பிழிந்த மருந்துதான் மனிதர்களைக் காப்பாற்றியது. பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்.

"பூனைக்கா ஊசி?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. பிராணிகளை வைத்துக் கண்டுபிடித்த மருந்து ஒரு பிராணிக்குத் திரும்பப் போகிறது.

*

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. திறந்த கிளார்ஜினை 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை வெளியே வைக்கலாம் என்று மருந்தோடு வரும் தாளில் இருக்கிறது. மழைக் குளிரில் கவலை இல்லை. கவலை அக்னி நட்சத்திரத்தில்தான். அம்மா பெரிய மண்பானையில் மணல் நிரப்பி நனைத்து, நடுவில் சின்னப் பானை பதித்து, ஈரத்துணி மூடி வைத்திருக்கிறாள். கரண்ட் போகும் மத்தியானங்களில் அம்மா மருந்தும் அவன் மருந்தும் அதற்குள் போய்விடும்.

*

2024 மே. செவலை சாப்பிடவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவனுக்குப் பிடித்த நெத்திலி கிடைக்கவில்லை. அந்தக் கோபம், அடம் என்று நினைத்தேன். கோழி வைத்தேன், ஈரல் வைத்தேன், முட்டை வைத்தேன். ஒரு நாளைக்குள் ஐந்து கிண்ணம் அவன் முன்னால் வரிசையாக இருந்தது.

கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கிண்ணத்துக்கு வருகிறான். மூக்கை நீட்டுகிறான். உதட்டை நக்கி, எச்சிலை விழுங்குகிறான். முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டுகிறான், மண்ணில் எதையோ புதைப்பதுபோல. பிறகு திரும்பிப் போகிறான்.

டாக்டர் சொன்னது: "சாப்பிட ஆசையா வந்து, வாயில வச்சதும் கீழ போட்டா பல்லைப் பாருங்க. வாசனை பிடிச்சதுமே உதட்டை நக்கிட்டுப் போனா அது குமட்டல். இப்ப அவனுக்குப் பிடிச்சதை வைக்காதீங்கம்மா. குமட்டுற நேரத்துல எதை வச்சாலும் அதையும் சேர்த்து வெறுத்துடும். கிண்ணத்தையெல்லாம் எடுத்துடுங்க."

அன்பு என்று நினைத்து நான் வைத்த ஐந்து கிண்ணமும் அவனுக்கு வாதையாக இருந்திருக்கிறது.

*

சர்க்கரை உள்ள பூனை சாப்பிடாவிட்டால் இரண்டு பக்கமும் பள்ளம். ஊசியை முழு அளவு போட்டால் லோ ஆகும். போடாமலே விட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன் சேரும். வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடிக்கும். அது உயிருக்கே உலை. இது வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவெடுக்கும் விஷயமில்லை. ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே போன் செய்து அளவைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பள்ளம் ஈரல். பூனை சில நாள் பட்டினி கிடந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலுக்குத் திரண்டு வந்து அதை அடைத்துவிடும். காதின் உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகும். நாய் நாலு நாள் பட்டினி தாங்கலாம். "பசிச்சா தானா சாப்பிடும்" என்ற பேச்சு பூனைக்குப் பொருந்தாது.

*

ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. இன்சுலின் சுரக்கும் கணையமே செரிமான நீரையும் சுரக்கிறது. அது புண்பட்டால் குமட்டல், வலி, பட்டினி. டிரிப், வலிக்கு ஊசி, குமட்டலுக்கு ஊசி. பசி தூண்ட மிர்டசபின், மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை, அதில் சிறு துண்டு. அது பூனையைக் கத்தவும் வைக்கும். இரவெல்லாம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினான். சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் கழுத்தில் குழாய் வைக்கலாம் என்றார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் குழாய் என்றால் அப்பாவின் கடைசி நாட்கள். "இது முடியப்போறதுக்கு வைக்கிறது இல்லம்மா, பிழைக்க வைக்கிறது. குழாயோடயே வாயாலயும் சாப்பிடலாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்து டாக்டர் சொன்னார்.

*

குழாய்ச் சாப்பாடு: கோழியை வேகவைத்த தண்ணீரோடு டாக்டர் கொடுத்த தீனியைச் சேர்த்து மிக்ஸியில் மசிய அரைத்து, வடிகட்டி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பூனையின் சூடு 38 டிகிரிக்கு மேல். நம் கைக்கு இதமான வெதுவெதுப்பு. முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு, கடைசியில் மறுபடி தண்ணீர், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் மெதுவாக. முதல் நாளே முழு அளவு கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் சாப்பாடு திடீரென்று ஏறினால் ரத்தத்தின் பாஸ்பரஸ் சரியும். கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏற்றினோம்.

எத்தனை மில்லி உள்ளே போனது என்று இப்போது தெரிந்தது. அதனால் ஊசி அளவும் திடப்பட்டது. மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

*

ஒன்பதாம் நாள் காலை. மிக்ஸி ஜாரைத் திறந்து மூடியை மேடையில் மல்லாத்தி வைத்துவிட்டு வடிகட்டியைத் தேடினேன். திரும்பினால், கழுத்துக் கட்டோடு செவலை மேடை மேல் நிற்கிறான். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த கோழி விழுதை நக்குகிறான். சொரசொரப்பான நாக்கு பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம். உதட்டை நக்கி விழுங்கவில்லை, பிறாண்டவில்லை. மறுபடி நக்கினான்.

நான் அசையவில்லை. வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளும் அசையவில்லை. மூடி சுத்தமாகும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.

*

குழாயை எடுத்தபின் புது நோட்டு போட்டேன். பழைய நோட்டில் முதல் பத்தி சர்க்கரை அளவு, அடுத்தது ஊசி, ஓரத்தில் இடமிருந்தால் சாப்பாடு. நம்பரைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டினேன். இப்போது முதல் பத்தி சாப்பாடு: என்ன, எத்தனை கிராம், எப்படி வந்து சாப்பிட்டான். அது நிரம்பாமல் பேனா அடுத்த பத்திக்குப் போகாது.

வெளியூர் போயிருந்தால் அம்மாவுக்கு போன் செய்கிறேன். அவள் எடுத்தவுடன் கேட்பது, "சாப்டியாம்மா?" நான் கேட்பது, "செவலை சாப்பிட்டானா?" பதில் வந்தபிறகுதான் மற்ற பேச்சு.

*

இன்று. காலை 6.10. வேகவைத்த கோழி, கொஞ்சம் ஈரல், 45 கிராம். தானே வந்தான், உட்கார்ந்து சாப்பிட்டான், கடைசியில் கிண்ணத்தை நக்கினான். வாந்தி இல்லை. 214. ஒரு யூனிட்.