எங்க போறேன்னு சொல்லிட்டுப் போங்க

போன வருஷம் எரியோட்டுல இருந்து அய்யலூர் மலைப் பக்கம் யார்கிட்டயும் சொல்லாம பைக்ல போனேன். பாறையில வழுக்கி கணுக்கால் பிசகிடுச்சு. போன்ல டவரே இல்ல. ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா பார்க்குற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

அதனாலதான் செமினாருக்கு ஈ.எல்.டி.ங்கிற அவசர பீக்கனை எடுத்தேன். விமானமோ கிளைடரோ மோதினா, அந்த அதிர்வை உணர்ந்து தானாவே 406 மெகாஹெர்ட்ஸ்ல செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும். இந்தியாவுல அதைக் கவனிக்கிற மையம் பெங்களூருல இஸ்ரோகிட்ட இருக்கு. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. மேலே தூக்குற காற்று நின்னுட்டா எந்தக் காட்டுலயும் இறங்க வேண்டி வரலாம். அப்ப இந்தப் பெட்டிதான் துணை.

ஆனா அதை மட்டும் நம்பலாமா? 2016 ஜூலை 22 அன்னைக்கு தாம்பரத்துல கிளம்பின ஏஎன்-32 விமானம், 29 பேரோட வங்கக் கடல் மேல காணாமப் போச்சு. சிக்னல் வரல. கடல் ஆழத்துல இருந்து அந்த ரேடியோ அலை மேல வராது. சிதறல் அடையாளம் தெரிஞ்சது 2024லதான்.

கிளைடர்ல 50,000 அடிக்கு மேல பறந்து சாதனை செஞ்ச ஸ்டீவ் ஃபாசெட், 2007ல அமெரிக்காவுல ஒரு சின்ன விமானத்துல போய்க் காணாமப் போனார். பீக்கன் இருந்தும் சிக்னல் வரல. எந்த வழியா போறேன்னும் பதிவு பண்ணல. ஒரு வருஷம் கழிச்சுதான் மலையில சிதறல் கிடைச்சது.

பீக்கன் கண்டிப்பா வேணும். அது பேசாமப் போனா, தேட ஆரம்பிக்க ஒரு இடமும் வேணும்.

அன்னைக்கு ராத்திரி அம்மா திட்டல. "எங்கேன்னு தெரிஞ்சிருந்தா அப்பாவாவது வந்திருப்பாருல்ல?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இந்த வாரக் கடைசியில கொடைக்கானல் கிளம்புறீங்களா? வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டுப் போங்க.