மேல்மலைக்கு மூட்டை கட்டுகிறார்கள்

புதன், மாலை

மதுரையிலிருந்து ஓர் இளைஞர் குழு இந்த வார இறுதியில் கவுஞ்சிக்குக் கிளம்புகிறது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போக வேண்டிய மேல்மலை ஊர். குழுவில் பலருக்குக் கொடைக்கானல் என்றால் ஏரியும் தூண் பாறையும்தான். அதைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

முதலில் எடுத்த முடிவு, டென்ட் வேண்டாம் என்பது. காட்டோரத்தில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ வளைத்ததில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் வகுத்தது. தை பிறந்தால் மலைப்புல் காயத் தொடங்கிவிடும். குழுவினர் ஊருக்குள் சமுதாயக் கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். பகலில் ஊர்க்காரர் ஒருவரின் துணையோடு நடப்பார்கள். பட்டியலில் இருந்த டென்ட், கம்பி, சுத்தியல் எல்லாம் அடிபட்டன. சுமை பாதியாகக் குறைந்தது.

வியாழன், இரவு

கவுஞ்சி விவசாயி ஒருவரிடம் குழுவின் பொறுப்பாளர் போனில் பேசினார். "தம்பி, விடியக்கால புல்லு மேல உப்பக் கொட்டுன மாதிரி கெடக்கும். பெட்ஷீட்ட நம்பி வந்துராதீங்க" என்றார் அவர்.

அவர் சொன்னது உறைபனியை. மார்கழி, தை மாதங்களில் இந்த மலையில் சில இரவுகள் சுழியம் டிகிரியை ஒட்டி இறங்கும். மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம் உயரம். மேல்மலை 2,000 மீட்டரை ஒட்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மதுரையில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடிகிற இரவு, அங்கே பல் கிட்டிக்கும் இரவு.

பைகளைத் திறந்து பார்த்தால் ஆளுக்கு மூன்று ஜீன்ஸ். நனைந்தால் சீக்கிரம் காயாத, காயும்வரை உடம்புச் சூட்டை உறிஞ்சுகிற துணி அது. ஒன்று போதும் என்று மற்றதை வெளியே எடுக்க வைத்தார் பொறுப்பாளர். பதிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர், குல்லா, இரண்டு ஜோடிக் காலுறை. ஈரமானாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கிற குணம் கம்பளிக்கு உண்டு. கவுஞ்சிக்குப் போகும் வழியிலேயே, மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறியாட்டு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே சிமென்ட் தரை சூட்டை இழுத்துவிடும். ஜமக்காளம் மட்டும் விரித்துப் படுப்பவர் நடுச்சாமத்தில் எழுந்து உட்காருவார். அதனால் அடியில் தார்ப்பாய், அதன் மேல் ஃபோம் ஷீட், பிறகுதான் ஜமக்காளம்.

ஒரு பையன் கரி அடுப்பு கொண்டுவருவதாகச் சொன்னான். ராத்திரி அறைக்குள் வைத்தால் கதகதப்பாக இருக்குமாம். பொறுப்பாளர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை அணைக்காமல் தூங்கிய இருவர் காலையில் எழவில்லை. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. அடுப்பு மதுரையிலேயே தங்கிவிட்டது.

வெள்ளி, மாலை

இன்று பொதுச் சாமான். ஆளாளுக்கு ஒரு டார்ச், ஒரு பற்பசை, ஒரு தைலம் என்று கொண்டுவந்தால் பை உப்பும், முதுகு வலிக்கும். 1907-இல் பிரௌன்சி தீவில் பேடன்-பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே பையன்களைச் சிறு அணிகளாகப் பிரித்துத்தான் பொறுப்புகளைக் கொடுத்தார்கள். இங்கும் அப்படித்தான். ஓர் அணிக்குப் பாத்திரம், ஓர் அணிக்கு மருந்துப் பெட்டி, ஓர் அணிக்கு விளக்கும் கயிறும். ஆஸ்துமா உள்ள பெண்ணின் இன்ஹேலர் மட்டும் பொதுப் பெட்டிக்குப் போகவில்லை. அது அவள் சட்டைப் பையில். தூக்கும் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது மலையேறுபவர்கள் கணக்கு. வீட்டுத் தராசில் ஒவ்வொரு பையும் ஏறி இறங்கியது.

தண்ணீர் பாட்டில் கட்டு கட்டாக வாங்கி வந்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் பாட்டில்களும் இரண்டு கேன்களும் எடுத்தார்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வரி போகட்டும், மேல்மலைக் காட்டு மாடு குப்பையை முகர்ந்து நிற்பதைப் பார்த்தவர்கள் பாட்டில் பக்கமே போகமாட்டார்கள். வேனுக்கு இ-பாஸும் எடுத்தாகிவிட்டது. கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

சமையல் அணியில் அரிசியை அளந்துகொண்டிருந்த பெண்ணிடம், "அக்கா, குண்டானை வச்சுட்டு குக்கர எடுங்க" என்றான் இயற்பியல் படிக்கிற தம்பி. அவன் சொன்னது சரி. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்துக்கொண்டே இருக்கும், சோறு சீக்கிரம் வேகாது. பருப்பு இன்னும் மோசம். குக்கரும், கேஸ்கட் ஒன்று கூடுதலாகவும் ஏறின.

உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு எதையும் கட்டவில்லை. அவை அங்கேயே விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கவுஞ்சித் தோட்டக்காரர்களிடமே வாங்கிக்கொள்வதாகப் பொறுப்பாளர் போனில் சொல்லிவிட்டார். காய்கறிக்கென்று ஒதுக்கிய பையில் இப்போது மடித்த சாக்குகள் இரண்டு, திரும்பும்போது குப்பை கொண்டுவர.