ஒன்றே ஒன்று என்றால் எந்த ஃப்ளாய்ட்?

பிங்க் ஃப்ளாய்ட் கேட்கிற நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. அவர்களுடைய ஆல்பங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது? இளையராஜாவா ரஹ்மானா மாதிரிதான், முடிவே கிடையாது.

வழக்கமாக ஜெயிப்பது 1973-ல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்'. 1988-க்குள் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்த ஆல்பம். குறையே சொல்ல முடியாது. கோபக்கார ஆசாமிகள் 1977-ன் 'அனிமல்ஸ்' என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மேல் இன்னும் கடுப்பில் இருப்பவர்களுக்கு 1979-ன் 'த வால்'. என் ஓட்டு 1975-ன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்கு. அஞ்சே பாட்டு, 44 நிமிஷம்.

காரணம் பாதி இசை, பாதி பொன்முடி.

2001-ல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. நாலு தமிழ்ப் பசங்கள், கழக்கூட்டத்தில் ஒரே வீடு. அதில் ஒருத்தன் நாகர்கோவில்காரன். வீட்டில் இருந்த ஒரே கார் (பழைய மாருதி 800), ஒரே கிட்டார், அத்தனை கேசட்டும் அவனுடையது. புரோகிராம் எழுதுவதிலும் கில்லாடி. நாங்கள் ரெண்டு நாள் முட்டி மோதுவதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமையானால் நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி. கல்லாறு தாண்டினதும் கேசட்டைப் போடுவான். மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பாட்டில் குரல் வருவதற்கே எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை கீபோர்டும் கிட்டாரும்தான். வெளியே தேயிலை, மூடுபனி. யாராவது வாயைத் திறந்தால், "பேசாத மக்கா" என்பான்.

அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று சொன்னதும் அவன்தான். சிட் பாரெட். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். எல்.எஸ்.டி.யும் மனநிலைச் சிக்கலுமாக 1968-ல் குழுவிலிருந்து போனார். 1975 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தின் வேலை நடக்கும்போது, தலையும் புருவமும் மழித்த ஒரு குண்டு மனிதர் வந்து நின்றார். அதுதான் சிட் என்று கூட வாசித்தவர்களுக்கே உடனே தெரியவில்லை. பிறகு கேம்பிரிட்ஜில் அம்மா வீட்டுக்குத் திரும்பி, படம் வரைவதும் தோட்டவேலையுமாக வாழ்ந்து 2006-ல் காலமானார்.

2004-ல் நாங்கள் மூன்று பேரும் நியூஜெர்ஸி, மெல்போர்ன், லண்டன் என்று கிளம்பினோம். அவனுக்கும் விசா வந்திருந்தது. அந்த மாதம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் வேலை போயிற்று. அன்றிலிருந்து நாகர்கோவிலில் அம்மாவோடு, மாத்திரையோடு இருக்கிறான். போன் செய்தால் அம்மாதான் எடுப்பார். "அவன் ஒறங்குதான் மக்களே. நீ சாப்பிட்டியா?"

செத்தவர்களுக்கு நம் ஊரில் ஒப்பாரி இருக்கிறது. உயிரோடு இருந்தும் நம் கைக்கு எட்டாமல் போனவர்களுக்கு என்ன இருக்கிறது? இந்த ஆல்பம் இருக்கிறது. சிட்டுக்கான பாட்டை இரண்டாக வெட்டி, முதலில் பாதி, கடைசியில் பாதி வைத்திருக்கிறார்கள். புத்திமதி இல்லை, ஏன் இப்படி ஆனாய் என்ற விசாரணை இல்லை. அந்த எட்டு நிமிஷமும் அவருக்காக நாற்காலி போட்டுக் காத்திருப்பது மாதிரி எனக்குப் படும். ஊரை விட்டு வந்த நமக்கு அது புரியாமல் போகாது.

போன விடுமுறையில் நாகர்கோவில் போனேன். ஒல்லியாக, அமைதியாக உட்கார்ந்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டேன்: "ஒன்னே ஒன்னுன்னா எதுடா?" ரொம்ப நேரம் யோசித்து, "அனிமல்ஸ்" என்றான். அதில் 17 நிமிஷம் ஓடும் 'டாக்ஸ்' பாட்டின் கிட்டாருக்காகவாம். விடுவேனா? நான் ஒன்று சொல்ல, அவன் ரெண்டு சொல்ல, கால் மணி நேரம் சண்டை. காபி கொண்டுவந்த அம்மா டம்ளரை வைக்க மறந்து, வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் ஓட்டு மாறவில்லை. உங்களுக்கு எது?