ஜீனோவும் தாடிக்காரரும்

மாநாடுன்னா எனக்குத் தெரிஞ்சது கட்-அவுட்டும் பிரியாணிப் பொட்டலமும்தான். அதனால 2004 செப்டம்பர்ல பாஸ்டன்ல நடந்த வேர்ல்ட்கானுக்குப் போனப்ப என்ன எதிர்பார்க்கறதுன்னே புரியலை. அறிவியல் புனைகதை ரசிகர்களோட உலக மாநாடு. 1939லேர்ந்து நடக்குது, நடுவுல போர் சமயத்துல நாலு வருஷம் மட்டும் இல்லை. டெர்ரி ப்ராட்செட் சிறப்பு விருந்தினர்னு தெரிஞ்சதும் டிக்கெட் வாங்கிட்டேன். (டிக்கெட்னு சொன்னா அங்கே கோவிச்சுப்பாங்க. மெம்பர்ஷிப்!)

முதல் நாள் முழுக்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. ராத்திரி ஷெரட்டன் ஹோட்டல்ல லிஃப்டுக்கு ஒரு நீள வரிசை. பக்கத்துல வெள்ளைத் தாடியோட ஒரு பெரியவர். கழுத்துல தொங்கற பேட்ஜுக்குக் கீழ கலர் கலரா ரிப்பன் ஒட்டி, அது தொப்பையைத் தாண்டித் தொங்குது. "முதல் தடவையா?"ன்னார். "ஆமா சார்"னேன். எப்படா எனக்கு நைட் பட்டம் குடுத்தாங்கன்னு சிரிச்சுட்டு, கையோட பார்ட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்.

இந்தப் பார்ட்டிகள் கிட்டத்தட்ட தேர்தல் பிரசாரம் மாதிரி. வரப்போற வேர்ல்ட்கான் எந்த ஊர்லன்னு மெம்பர்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. போட்டி போடற ஊர்க்காரங்க ஹோட்டல் ரூம் எடுத்து, கட்டில்களை ஓரம் கட்டிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் தீனி போடுவாங்க. அந்த வருஷம் 2007க்கான ஓட்டு. நாங்க போனது ஜப்பான்காரங்க ரூம். நம்ம அரிசி முறுக்குக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரி ஒண்ணு குடுத்தாங்க, நான் மட்டுமே பாதிப் பாக்கெட் காலி.

தாடிக்காரர் 1976 கான்சஸ் சிட்டி வேர்ல்ட்கான் கதையெல்லாம் சொன்னார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் கார்ட்னர் டோஸ்வாவும் 'ஹ்யூகோ விருது கிடைக்காதவங்க பார்ட்டி'யை ஆரம்பிச்சது அங்கேதானாம். தோத்தவங்களுக்குன்னு ஒரு பார்ட்டி!

அப்புறம் திடீர்னு, "உன் மொழில என்ன இருக்கு?"ன்னார்.

எனக்கு சுஜாதாதான் வாயில வந்தார். 'என் இனிய இயந்திரா', ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, ஜீனோன்னு ஒரு ரோபாட் நாய், காணாமப்போன புருஷனைத் தேடற நிலா... என் இங்கிலீஷ்ல தட்டுத்தடுமாறிச் சொல்ல ஆரம்பிச்சேன். பத்து நிமிஷத்துல சுத்தி ஏழெட்டுப் பேர் தரையில உக்காந்துட்டாங்க. நாய் என்ன சொல்லுச்சுன்னு ஒரு ஜப்பான் பொண்ணு திரும்பத் திரும்பக் கேட்டுது. முடிக்கறப்ப ராத்திரி ரெண்டு மணி. மறுநாள்லேர்ந்து அந்த கும்பலுக்கு என் பேர் ஜீனோ!

இதை இங்கிலீஷ்ல படிக்கணுமேன்னு தாடிக்காரர் சொன்னார். நானே பண்ணித் தர்றேன்னு வாய் குடுத்துட்டேன்.

ஓட்டுல யோகோஹாமா ஜெயிச்சுது. ஆசியாவுல நடந்த முதல் வேர்ல்ட்கான் அதுதான். என் ஓட்டும் அதுல ஒண்ணு. ஆனா 2007ல நான் போகலை, ஆபீஸ்ல லீவு கிடைக்கலை. அதுக்கு முந்தின வருஷம் அனாஹைம்ல அவரைப் பார்த்தேன். 'மீண்டும் ஜீனோ'வை ஹோட்டல் வராந்தாவுல உக்காந்து சொல்லி முடிச்சேன். "எழுதிட்டியா?"ன்னார். ரெண்டு அத்தியாயம் ஆச்சுன்னேன். ஒண்ணரைதான் ஆயிருந்தது.

2008 பிப்ரவரில சுஜாதா போனப்ப ராத்திரி வேற யாருக்கும் சொல்லத் தோணாம அவருக்குத்தான் மெயில் போட்டேன். உடனே பதில் வந்துது. வருத்தம்னு ரெண்டு வரி, அப்புறம், மூணாவது அத்தியாயம் எப்பன்னு ஒரு வரி.

அடுத்த குளிர்காலத்துல அவரும் போயிட்டார். அவர் பொண்ணு ஒரு கவர் அனுப்பியிருந்தா. யோகோஹாமாவுல எனக்காக வாங்கி வெச்சிருந்த ரிப்பன் ஒண்ணு. பின்பக்கம் பசை இன்னும் அப்படியே இருந்தது. அவர் கையெழுத்துல 'ஜீனோ'ன்னு எழுதியிருந்தது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். பதினோரு பக்கம்தான் இருக்கு.