கோமாரியில் ஒரு குரவை

எங்கள் பக்கம் கலியாணம் என்றால் பெரும்போக வேளாண்மை வெட்டி, களம் ஓய்ந்த பிறகுதான். அப்போதுதான் கையில் காசு இருக்கும், ரோட்டும் காய்ந்திருக்கும். சாச்சாவின் கலியாணம் மட்டும் 1977ஆம் வருஷத்து அடைமாரிக்குள் வந்து சேர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்துவிட்டது, முஹர்ரம் பிறந்தால் ஸபரும் போகட்டும் என்று காத்திருக்க வேண்டும் என்றா மூத்தம்மா. உண்மையில் அவசரம் சாச்சாவுக்குத்தான். பொத்துவிலில் மாமி மகளைப் பார்க்க இரண்டு வருஷமாக ஏதாவது சாட்டுச் சொல்லி பஸ் ஏறிக்கொண்டிருந்தார். எட்டு வயதுக் காவல்காரனாக நானும் கூடப் போவேன். ஒரு மிட்டாய் கிடைத்தால் வீட்டில் வாய் திறக்கமாட்டேன்.

கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே அன்று அக்கரைப்பற்றிலிருந்து நாங்கள் சாச்சாவைக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டோம். முன்னால் மொரிஸ் மைனர், பின்னால் படங்கு மூடிய லொறி. கூறையும் தாலியும் வைத்த தகரப்பெட்டி என் மடியில்.

திருக்கோவில் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோமாரியில் களப்புத் தண்ணீர் ரோட்டின் மேலேறிக் கிடந்தது. கார் இரண்டுதரம் இருமிவிட்டு நின்றது. பொத்துவிலுக்குப் பத்துக் கட்டைகூட இல்லை. தள்ளுவதற்கு இறங்கிய சாச்சாவின் புதுச் சப்பாத்தில் ஒன்றைச் சேறு விழுங்கிவிட்டது. முழங்கை வரை விட்டுத் துழாவினார். அகப்படவில்லை. மற்றதையும் கழற்றி இருட்டுக்குள் எறிந்தார்.

விளக்கு தெரிந்த ஓலை வீடு ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது. அந்த வீட்டு அம்மா சாச்சாவை அடுப்படியில் இருத்தி, கோட்டை வாங்கி நெருப்புக்கு நேரே பிடித்தா. கோட்டிலிருந்து ஆவி பறந்தது. அத்தர் வாசமும் ஈரவிறகுப் புகையும் கலந்த அந்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அவித்த மரவள்ளியும் தேத்தண்ணியும் வந்தன.

"நீங்க என்ன குடிகா?" என்று மூத்தம்மாவிடம் கேட்டா அந்த அம்மா. தாய்வழிக் குடி பார்க்கிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. அவ்வளவுதான், இரண்டு பேரும் மாப்பிள்ளையையே மறந்துவிட்டார்கள்.

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஊர்ப் பொடியன்கள் காரைத் தள்ளிவிட்டார்கள். "மாப்பிள சும்மா போகப்படாது" என்று சொல்லி, படலையில் நின்று அந்த அம்மா குரவையிட்டா. லொறிக்குள்ளிருந்து மூத்தம்மா பதில் குரவை போட்டா. சாச்சாவின் கலியாணத்துக்கு விழுந்த முதல் குரவை அதுதான்.

பொத்துவிலில் சஹன் சோறு ஆறிப்போயிருந்தது. வாசலில் மச்சினன் கால் கழுவ மூன்று செம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. மோதிரம் வாங்கிய கையோடு, "சப்பாத்து எங்க மச்சான்?" என்று அவன் கேட்க, திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாச்சியின் சிரிப்பு எனக்குத் தெரியாதா? நடுச்சாமம் தாண்டித்தான் காவின் எழுதினார்கள்.

கோமாரியில் அந்த வீடு இருந்த இடத்தை 2004 டிசம்பர் 26இல் கடல் துடைத்துவிட்டது. அந்த அம்மாவின் பெயரை எங்களில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. குடிப்பெயரை மட்டும் மூத்தம்மா மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தா.