கட்டத்தின் மேல் ஒரு சொல்

பள்ளியில் சேரும் குழந்தையின் பெயர் கணினியில் ஏறும்பொழுது, அதனைப் பதிபவர் திரையில் காண்பவை சில கட்டங்களே. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு சொல் நிற்கிறது. கட்டத்தைப் புலம் என்றும், மேலுள்ள சொல்லைத் தலைப்பு என்றும் வழங்குவர். இத்தகைய புலங்களால் ஆன பட்டியல்களின் தொகுதியே தரவுத்தளம். அதன் உள்ளே இயங்கும் நுட்பம் எத்துணை உயர்ந்ததாயினும், பயன்படுத்துவோருக்குத் தெரிவது அந்தத் தலைப்பு மட்டுமே.

க. மலர்விழி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 'க' என்பது தந்தையின் பெயருக்கு உரிய முன்னெழுத்து. படிவமோ 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. குடும்பப்பெயர் வழங்கும் நாடுகளில் பிறந்த பிரிவு அது. தமிழர் எழுதும் முறையில் முதலில் நிற்பது தந்தையின் முன்னெழுத்து. இறுதியில் நிற்பதே தம் பெயர். ஆகவே, முதற்கட்டத்தில் 'க' என்றும் அடுத்ததில் 'மலர்விழி' என்றும் நிரப்புபவர் தலைப்பு சொன்னபடியே செய்திருக்கிறார். வேறோர் அலுவலகத்தில் அதே பெயர் தலைகீழாகப் பதிவாகும். இரண்டும் ஒருவரே என்று கணினி அறியாது. மதிப்பெண் சான்றிதழில் ஒரு வடிவமும் கடவுச்சீட்டில் மற்றொரு வடிவமுமாக நிற்கும் பெயரைச் சரிசெய்ய உறுதிமொழிப் பத்திரத்தோடு அலைபவர் பலர். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை நாள் கடந்துவிடுவதும் உண்டு.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பவர் அமெரிக்க நுழைவிசைவு பெறும்பொழுது, அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்திற்கு நகர்ந்துவிடும். முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்னும் மூன்றெழுத்து இடம்பெறும். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். பெற்றோர் பார்த்துப் பார்த்து இட்ட பெயர் அதே தாளில் பக்கத்திலேயே இருக்கிறது!

இதற்குத் தீர்வு பெரிய கண்டுபிடிப்பு அன்று. 'உங்கள் பெயர் (முன்னெழுத்து இன்றி)' என ஒரு தலைப்பும், 'தந்தை அல்லது தாயின் பெயர்' என மற்றொன்றும், கீழே 'பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறு எழுதுக' என்னும் ஒரு வரி விளக்கமும் போதும்.

தலைப்புகள் ஏன் இவ்வாறு குறுகின? பழைய மென்பொருள்களில் இடம் அருமையாக இருந்தது. ஒரு காலத்தில் அலுவலகங்களில் பரவியிருந்த டிபேஸ், புலத்தின் பெயருக்கு 10 எழுத்துகளையே ஒதுக்கியது. நிரலாளர் தம் வசதிக்கு வைத்த அச்சுருக்கங்கள் அப்படியே திரைக்கும் வந்துவிட்டன. 'டி.ஓ.ஜே.' என்பது தொடர்வண்டிப் பயணத்தில் புறப்படும் நாள்; அலுவலகத்தில் பணியில் சேர்ந்த நாள். புதிதாக வந்த எழுத்தர் யாரிடம் கேட்பார்?

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தரவு கணினிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டிய நிலை கூடாது என வாதிட்டார். இன்றைய தொடர்புசார் தரவுத்தளங்கள் அக்கட்டுரையின் வழித்தோன்றல்கள். அடுக்குமுறை மறைந்தது, நிரலாளரின் சுருக்கெழுத்துகள் மட்டும் மறையவில்லை. வசதி இல்லாமலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மென்பொருளில் புலத்தின் உட்பெயர் வேறு, திரையில் தோன்றும் தலைப்பு வேறு. எழுதிவைத்த விளக்கம், அக்கட்டத்திற்குள் நுழைந்ததும் திரையின் அடியில் தோன்றும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறிப்பு எழுதிச் சேர்க்கலாம். அவ்விடங்களை வெறுமையாக விட்டுச் செல்வதே பெரும்பாலோர் வழக்கம்.

நாள் குறிப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 03/04/2012 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. கட்டத்தின் அருகே 'நாள்/மாதம்/ஆண்டு' என்று இருந்தால் ஐயமில்லை.

இவற்றினும் நுட்பமானது வெறுமை. மதிப்பெண் புலம் வெறுமையாக இருந்தால், மாணவர் தேர்வுக்கு வரவில்லையா, விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லையா, பதிபவர் மறந்தாரா என்பது விளங்காது. வெறுமையைச் சிலர் 0 என்று நிரப்பிவிடுவர். காய்ச்சலால் வராத மாணவியும், தேர்வெழுதி ஒன்றும் பெறாத மாணவியும் அங்கே ஒன்றாகிவிடுவர். வகுப்பின் சராசரியும் இறங்கிவிடும். அறிந்த வடிவமைப்பாளர், மதிப்பெண்ணுக்கு முன்னே 'தேர்வுக்கு வந்தாரா?' என ஒரு புலத்தை வைத்து, 'வரவில்லை எனில் மதிப்பெண் இடவேண்டா' என்று அதன்கீழ் எழுதிவிடுகிறார்.