நெல்ஸன் விழுந்த இடம்

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது போர்ட்ஸ்மவுத் துறைமுகம். அங்கே ஒரு கிழட்டுக் கப்பலைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். 1765-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'விக்டரி'தான் அது. சுமார் 6,000 மரங்களை வெட்டிச் செய்த கப்பல். 1922 முதல் தண்ணீரில்லாத துறையில் நிற்கிறது. பூஞ்சையும் வண்டும் அரித்த மரங்களை மாற்ற 2022-இல் பெரிய மராமத்து தொடங்கினார்கள்.

கீழ்த்தட்டுகளில் குனிந்து நடக்க வேண்டும். 104 பீரங்கிகள், 1805-இல் சுமார் 820 பேர். பீரங்கிகளுக்கு நடுவேதான் மாலுமிகளுக்குச் சாப்பாடு, அங்கேயே தொங்கும் தூளியில் தூக்கம். பின்புறத்திலோ, வரிசையாக ஜன்னல் வைத்த அட்மிரலின் விசாலமான அறை! இரண்டுக்கும் இடையே சில படிகள்தான். ஆனால் அந்தப் படிகளில் ஏறுவது லேசா?

ஹொரேஷியோ நெல்ஸன் ஏறினார். நார்போக் கிராமத்துப் பாதிரியாரின் பிள்ளை. ஒன்பது வயதில் தாயை இழந்தவர். 1771-இல், பன்னிரண்டு வயதில், கடற்படையில் சேர்ந்தார். அந்தக் கப்பலின் காப்டன் அவருடைய தாய்மாமன்! 1774-இல் நம் சென்னைப் பட்டினத்துக்கும் கப்பலில் வந்திருக்கிறார். ஆனால் இந்தப் பக்கத்துக் காய்ச்சல் அவரைச் சும்மா விடவில்லை. 1776-இல் நோயாளியாக ஊர் திரும்பினார். ஆயினும் இருபது வயதில் காப்டன்!

அதற்குமேல் சீனியாரிட்டிதான். முன்னால் இருப்பவர்கள் கண்ணை மூடினால்தான் பின்னால் இருப்பவருக்கு உயர்வு. சண்டை ஓய்ந்தாலோ கப்பல் கிடைக்காது, அரைச் சம்பளந்தான். நெல்ஸனும் ஐந்து வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். 1793-இல் பிரான்ஸுடன் யுத்தம் மூண்டது, கப்பல் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை? 1794-இல் கால்வியில் வலது கண் பார்வை. 1797-இல் டெனரீப் தீவில் வலது கை. இத்தனைக்கும், கடைசிவரை அவருக்குக் கடல் மயக்கம் தீரவே இல்லை!

மேல்தட்டில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. 1805 அக்டோபர் 21, டிரபால்கர் சண்டையில் அவர் குண்டடிபட்டு விழுந்த இடம் அது. எதிரியிடம் 33 போர்க்கப்பல்கள், இவரிடம் 27. கீழே, நீர்மட்டத்துக்கும் அடியில் உள்ள இருட்டுத் தட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கேதான் வைத்தியர்கள் விளக்கொளியில் கை கால்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிச் செய்தி காதில் விழுந்த பிறகே உயிர் பிரிந்தது. வயது 47.

அன்று அதே கப்பலில் இன்னும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களும் எங்கோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாம். தகட்டைக் குனிந்து பார்ப்பவர்கள், அந்தத் தூளிகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு இறங்கட்டும்.